இரண்டாம் வரிசைக்காரன்

மெர்வ் டன்ஸ்டன் தன் வாழ்நாளில் பதினோரு பேரின் பல்லை உடைத்திருக்கிறான். தாடை பெயர்ந்தவர்களை இதில் சேர்க்கவில்லை. ஆனால் மனைவியின் தம்பி அல்பி கினேனை மட்டும் அவன் தொட்டதே இல்லை. இதை அவன் நீதிமன்றத்தில் பைபிள் மீது கை வைத்துச் சொன்னான். மனைவி ரோமாவிடம் சமையலறையில் நின்று சொன்னான். பதினைந்து வருடம் தனக்குத்தானேயும் சொல்லிக்கொண்டான். சொன்னது உண்மை. அதுதான் வில்லங்கமே.

அவன் பிறந்தது எங்கள் மேஃபீல்டில், உருக்காலைப் புகை துவைத்த துணிமேல் வந்து உட்காரும் தெருவில். அப்பன் உலைக்காரன். குடித்துவிட்டு வந்தால் பெல்ட்டைக் கழற்றுவான், குடிக்காமல் வந்தால் வெறுங்கை. பதினாறு வயதில் ஒரு நாள் மெர்வ் அந்தப் பெல்ட்டைப் பிடுங்கிக் கொக்கிப் பக்கமாக அப்பன் முகத்தில் வீசினான். அதோடு வீட்டுக்குள் அடி நின்றது, வெளியே ஆரம்பித்தது. திருவிழாக் கூடாரத்தில் காசுக்குக் குத்துச்சண்டை போட்டான். மதுக்கடை வாசலில் காசு வாங்காமலும் போட்டான். உடம்பு எருமை மாதிரி. புத்தியும் அப்படித்தான் என்று சொன்னவன் ஒருத்தன் அந்தப் பதினோரு பேரில் இருக்கிறான்.

அந்த உடம்புக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் ரக்பி மைதானம். சனிக்கிழமை மதியம் மேஃபீல்ட் கிளப்புக்கு ஆடினான். அதில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கத்து முரடர்களும் தோளோடு தோள் பின்னிக்கொண்டு, தலையைக் குனிந்து, ஒருவரையொருவர் முட்டித் தள்ளுவார்கள். முன்வரிசையில் நிற்பவன் எதிராளியின் மூச்சை மூஞ்சியில் வாங்குவான். மெர்வ் இரண்டாம் வரிசை. முன்னால் நிற்பவர்களின் இடுப்புகளுக்கு நடுவே தலையைச் செருகி, காலை மண்ணில் ஊன்றி, மொத்தப் பாரத்தையும் அவர்கள்மேல் போட வேண்டியவன். அவன் கண்ணுக்கு எதிராளி தெரியவே மாட்டான். இரண்டு பேரின் பின்புறம்தான் தெரியும். கோச் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: "விசில் கேக்குற வரைக்கும் தள்ளு. முன்னால இருக்கிறவன் கத்துவான். கத்தட்டும். கத்துறான்னு நிறுத்தினா தோத்தோம்."

மெர்வ் அதை மறக்கவில்லை. ஒரே ஒரு பாடம் படித்தவனுக்கு அது எப்படி மறக்கும்.

அறுபத்து நாலாம் வருடக் குளிரில் கல்லன் கம்பி ஆலையில் வேலைநிறுத்தம். மெர்வும் அங்கே ஃபிட்டர், அல்பியும் அங்கேதான் கம்பி இழுப்பவன். ஆறாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, அல்பி தலையைக் குனிந்துகொண்டு வாசலைத் தாண்டி உள்ளே வேலைக்குப் போனான். ஏன் போனான் என்பதற்கு ஊரில் நாலு கதை உண்டு. "உனக்கு அந்தத் தில்லு கிடையாது" என்று மதுக்கடையில் யாரோ சீண்டியதற்காகப் போனான் என்பது ஒன்று. எதற்காகப் போயிருந்தாலும் போனவன் கருங்காலி. கருங்காலியின் அக்காளைக் கட்டியவன் மெர்வ். வாசலில் எரிந்த நெருப்பு டிரம்மைச் சுற்றி நின்றவர்கள் அன்று முழுக்க அவனைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அடித்திருந்தால்கூட மெர்வ் தாங்கியிருப்பான்.

மதியம் மூன்று மணிக்குச் சங்கு ஊதியது. அல்பி வெளியே வந்தான். பக்கத்துச் சந்தில் அவனை மடக்கினார்கள். முதல் குத்து ஸ்னோவி ராடினுடையது. வெள்ளைத் தலை, கிளப்பில் முன்வரிசை ஆட்டக்காரன். அந்தக் குத்தில் அல்பியின் இடது கண் போனது. ஒருவனைச் சுற்றி ஆறு பேருக்குமேல் நெருங்கி நிற்க முடியாது. ஆறு பேர் நின்றார்கள். மற்ற ஐம்பது பேரும் அந்த ஆறு பேரைச் சுற்றி. முழங்கை, முட்டி, பூட்ஸ். உதடு பிய்ந்து பல்லோடு தொங்கியது. அவன் விழவில்லை, விழ இடமில்லை. நின்றபடியே அடி வாங்கினான்.

மெர்வ் டிரம் பக்கத்திலிருந்து ஓடிவந்தான். உள்ளே மாட்டியிருப்பது யார் என்று அவனுக்குத் தெரியும். காலையிலிருந்து காது மடலில் சூடாக ஏறிய அவமானமும் தெரியும். முன்னால் முதுகுகள். தலையைக் குனிந்தான், இரண்டு இடுப்புகளுக்கு நடுவே செருகினான், காலை ஊன்றினான், தள்ளினான். அவனைப் பார்த்து அவன் பின்னால் இருந்தவர்களும் தள்ளினார்கள். போலீஸ்காரனின் விசில் கேட்கிற வரைக்கும்.

நீதிமன்றத்தில் மருத்துவர் ஒரு விஷயம் சொன்னார். முகத்தை உடைத்தது கைமுட்டி. விலாவையும் இடுப்பெலும்பையும் நொறுக்கியது அடியல்ல, பாரம். லாரிக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கியவனிடம்தான் இப்படிப் பார்த்திருக்கிறேன் என்றார். அந்தப் பாரம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. நீதிபதி ஒவ்வொருவரிடமும் கேட்டது "அவனைத் தொட்டாயா?" என்றுதான். மெர்வ் இல்லை என்றான். ஸ்னோவி மூன்று வருடம் உள்ளே போனான், மற்ற ஐந்து பேர் ஒன்றரை. ஒருத்தனும் இன்னொருத்தன் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் காட்டிக்கொடுப்பது கருங்காலித்தனத்தைவிடக் கேவலம்.

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் ரோமாவும் அதையேதான் கேட்டாள்.

"அவனைத் தொட்டியா?"

"தொடல."

"தொட்டிருந்தேன்னு என்னிக்காவது தெரிஞ்சுது, அன்னிக்கே இந்த வாசல்படிய விட்டு எறங்கிரணும்."

"சத்தியமா தொடல ரோமா."

மருத்துவமனையிலிருந்து அல்பி நேராக அவர்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்தான். வந்தவன் போகவில்லை. ஒரு கண், நொறுங்கிய இடுப்பு, தூக்கமாட்டாத இடது கை. அந்த நாளைப் பற்றி அவன் வாய் திறந்ததே இல்லை. தலையில் பட்ட அடியில் அந்த நாள் அழிந்துபோயிற்று என்று எல்லோரும் முடிவு செய்துகொண்டார்கள். மெர்வ் எல்லோரையும்விடச் சீக்கிரம் முடிவு செய்தான். அவனைக் குளிப்பாட்டினான், மொட்டைமாடி இல்லாத வீட்டில் முற்றத்து வெயிலுக்குத் தூக்கிப் போய் உட்கார வைத்தான், ஞாயிறு தவறாமல் கறியைச் சிறு சிறு துண்டாக வெட்டித் தந்தான். ஊர் மெச்சியது. தங்கமான மச்சான் என்றது. ஊருக்கு என்ன.

ஆலையில் இருக்கப் பிடிக்காமல் மெர்வ் பல்கலைக்கழகத்து இயற்பியல் பட்டறைக்கு ஃபிட்டராகப் போனான். அங்கேதான் டாக்டர் எடித் ஹலாஸ் வந்து சேர்ந்தாள். ஹங்கேரிக்காரி, ஐம்பத்தாறில் தன் ஊர்த் தெருவில் டாங்கிகளைப் பார்த்துவிட்டு ஓடிவந்தவள். எதைக் கண்டும் துள்ளுகிற ஆள் இல்லை. ஏழெட்டு அணுக்கள், பதின்மூன்று அணுக்கள், ஐம்பத்தைந்து அணுக்கள் ஒன்று கூடினால் என்ன உருவத்தில் நிற்கும் என்பது அவள் வேலை. கணக்கெழுதித் துளையிட்ட அட்டைகளை நாளெல்லாம் கணிப்பொறிக்குள் போட்டுக்கொண்டிருப்பாள். எழுபத்தொன்பதாம் வருடம் அவள் பட்டறைக்கு ஒரு படத்தோடு வந்தாள். மாணவர்களுக்குக் காட்ட ஒரு மாதிரி வேண்டும். இரண்டு அங்குலப் பித்தளை உருண்டை பதின்மூன்று. நடுவில் ஒன்று, சுற்றிப் பன்னிரண்டு.

மெர்வ் லேத்தில் பதின்மூன்றையும் அச்சுப் பிசகாமல் கடைந்தான். சேர்க்கும்போதுதான் வம்பு. பன்னிரண்டும் நடு உருண்டையைத் தொட்டால், பக்கத்து உருண்டைகள் ஒன்றையொன்று தொடவில்லை. எங்கே பார்த்தாலும் பத்தில் ஒரு அங்குலச் சந்து. இரண்டு நாள் மல்லுக்கட்டினான். கடைசியில் நடு உருண்டையை மறுபடி லேத்தில் ஏற்றி, ஐந்தில் ஒரு அங்குலம் விட்டம் குறைய வழித்தான். இப்போது எல்லாம் எல்லாவற்றையும் தொட்டது. பற்றவைத்து, மெருகேற்றி, பெருமையோடு அவளைக் கூப்பிட்டான்.

"பாருங்க டாக். எந்த மூலையிலயும் பிளேடு நுழையாது."

அவள் சுற்றி வந்து பார்த்தாள். முகம் மாறியது.

"என் சந்து எங்க மெர்வ்?"

"எந்தச் சந்து?"

"நடுவுல இருக்கிறதைச் சின்னதாக்கிட்டீங்க."

"பின்ன? எல்லாம் ஒரே அளவுன்னா ஓரத்துல தொடாது டாக். இருபது வருஷமா ஃபிட்டர். சந்து விட்டு ஒரு சாமானை வெளிய அனுப்பினதில்ல."

"அந்தச் சந்துதான் என் மொத்தப் படிப்பும்."

"சந்துக்கா சம்பளம் குடுக்கிறாங்க? நல்ல உத்தியோகம்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அணுக்களை ஆட்களைப் போலப் பேசுவது அவள் வழக்கம்.

"கேளுங்க. ஒருத்தன் இன்னொருத்தனை எவ்வளவு தூரத்துல உணர்றான்கிறதுதான் எல்லாமே. தொட்டாத்தான் பிடிப்பான்னு வெச்சுக்கங்க, இந்த உருவமே நிக்காது. வெளிய முப்பது எடத்துல சந்து, முப்பது பிடி போச்சு. பேசாம வேற மாதிரி அடுக்கிக்குவாங்க. தூரத்துலயே உணர்ற வகைன்னா சந்தைப் பொறுத்துக்குவாங்க. எல்லாருக்கும் உள்ள வரணும். உருண்டையாச் சேருவாங்க. வெளிய இருக்கிறவன் இழுபடுவான், நடுவுல இருக்கிறவன் நசுங்குவான். இதைத்தான் நான் பசங்களுக்குக் காட்டணும். நீங்க என்னடான்னா அவனைச் சீவி எடுத்துட்டு, 'பாருங்க, எல்லாம் சரியா இருக்கு'ங்கிறீங்க."

"பன்னெண்டு பேரு மேல விழுந்தா நசுங்கத்தான் செய்வான். அதுக்கு டாக்டர் பட்டம் எதுக்கு?"

"அந்தப் பன்னெண்டு பேரு மட்டும் இல்ல. அதுக்கு வெளிய அடுத்த வரிசை, நாப்பத்திரெண்டு பேரு. அவங்கள்ல ஒருத்தன்கூட நடுவுல இருக்கிறவனைத் தொடறதில்ல. ஆனா அவங்க வந்தப்புறம் அவன் இன்னும் நசுங்குறான்."

மெர்வ் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான்.

"தொடாதவன் எப்படி நசுக்குவான்?"

"எல்லாரும் உள்ள வரப் பாக்கிறாங்கல்ல? முன்வரிசை பின்னால நகரலாம்னு நெனச்சாலும் எடமில்ல. பின்வரிசை அழுத்த, அவன் நடுவுல இருக்கிறவனை அழுத்துறான். யாரோட பங்கு எவ்வளவுன்னு தனித்தனியா எடுத்து வெச்சிருக்கேன், காட்டவா? தொடாதவங்க பங்கு சின்னது இல்ல."

"பொய்."

"என்னது?"

"பொய்யின்னேன். தொடாதவனுக்கு ஒரு பங்கும் கெடையாது. கோர்ட்லயே கெடையாது."

எந்தக் கோர்ட் என்று அவள் கேட்பதற்குள் அவன் மூலையிலிருந்த பதினாலு பவுண்டு சம்மட்டியை எடுத்துவிட்டான். முதல் அடியில் மேசையின் மூலை பெயர்ந்தது. இரண்டாவது அடியில் மாதிரி வெடித்ததுபோலச் சிதறியது. ஒரு உருண்டை ஜன்னலை உடைத்துக்கொண்டு போனது. ஒன்று அவன் முழங்கால் சில்லில் பட்டுத் தெறித்தது. அவன் நிறுத்தவில்லை. தரையில் உருண்டவற்றைத் துரத்தித் துரத்தி அடித்தான், கான்கிரீட் சில்லுகள் பறந்தன, உள்ளங்கை கிழிந்து சம்மட்டிக் காம்பு வழுக்கியது. எடித் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. அவன் மூச்சு வாங்கி நின்ற பிறகு, நடு உருண்டை அவள் காலடிக்கு உருண்டு வந்தது. குனிந்து எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"இது எனக்கு வேணாம். புதுசா ஒண்ணு கடைஞ்சு குடுங்க, அதே அளவுல. சந்தோட." கொஞ்சம் நின்று கேட்டாள்: "நடுவுல இருந்தது யாரு மெர்வ்?"

அவன் அடிபட்ட காலை இழுத்துக்கொண்டு லேத்துக்குப் போனான்.

மூன்று நாளில் புது மாதிரி செய்தான். பதின்மூன்றும் ஒரே அளவு, முப்பது இடத்திலும் சந்து. நல்ல வேலை. இன்றும் அந்தத் துறையின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. சீவிய பழைய உருண்டை அவன் கால்சட்டைப் பையிலேயே கிடந்தது. அதன் கனம் தொடையில் இடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு மெர்வ் மேல் பெரிய இரக்கம் கிடையாது. ஆனாலும் அந்த மூன்று நாளும் அவன் பட்டது கொஞ்சமில்லை.

ஞாயிறு மதியம். சுட்ட ஆட்டுத்தொடை, பூசணி, பட்டாணி, புதினாச் சாறு. ரோமா தட்டுகளைப் பரப்பினாள். மெர்வ் கத்தியை எடுத்தான்.

"நல்லாத் தீட்டு மெர்வ். அந்த ஆடு இன்னும் சாகல போல." அல்பி ஒரு பக்க வாயால்தான் பேசுவான். சொல் நொண்டிக்கொண்டு வரும், ஆனால் குத்தல் நேராக வரும்.

"வாய மூடிட்டுத் தின்னு."

"மூடிட்டு எப்படித் திங்கிறது? பையில என்ன, ரெண்டு நாளா மேசைக் கால்ல டங்கு டங்குங்குது?"

மெர்வ் உருண்டையை எடுத்து வைத்தான். அல்பி அதை நல்ல கையால் உருட்டிப் பார்த்தான். ஆலையில் உலோகம் தொட்ட கை.

"நீ கடைஞ்சதா? அளவு கெட்டுப்போயிருக்கே."

"சுத்தி நிக்கிறவன்லாம் நல்லா ஒட்டி நிக்கணும்னு நடுவுல இருக்கிறதை நான்தான் தேச்சேன்." மெர்வ் கத்தியைக் கீழே வைத்தான். "அல்பி, நான் உன்னைத் தொடல."

ரோமாவின் கை நின்றது.

"இப்ப யாரு அதைக் கேட்டா?" என்றாள்.

"தொடல ரோமா. சத்தியம் பண்ணினது சத்தியம். ஆனா பின்னாடி நின்னு தள்ளினேன். ஸ்க்ரம்ல தள்ளுற மாதிரி தலையக் குடுத்து. மத்தவங்களும் என்னைப் பாத்துத்தான்... அந்த இடுப்பு, அது என்னோட பாரம்."

அடுப்பில் குழம்புச் சட்டி பொங்கி வழிந்தது. யாரும் திரும்பவில்லை.

"தெரியும்," என்றான் அல்பி.

"என்னடா தெரியும்?" என்றாள் ரோமா.

"ஸ்னோவி அஞ்சாறு குத்தோட நிறுத்திட்டான். அவன் மூஞ்சி எம் மூஞ்சியோட ஒட்டிக் கெடந்துச்சு. அவனுக்கும் மூச்சு வரல. சனிக்கிழமை சனிக்கிழமை அந்தத் தள்ளு வாங்கினவன், பின்னால யாருன்னு அவனுக்குத் தெரியும். 'தள்ளாத மெர்வ், இவன் செத்துருவான், தள்ளாத'ன்னு கத்தினான். மூணு தடவ. எங் காதுக்குள்ள."

"பதினஞ்சு வருஷம். ஏன்டா சொல்லல?"

"சொன்னா இவனைத் தொரத்திருவ. அப்புறம் எனக்குக் கறி யாரு வெட்டுவா? நீ பெருசு பெருசா வெட்டுவ."

ரோமா அவனைப் பார்க்கவில்லை. மெர்வைப் பார்த்தாள்.

"ஸ்னோவி கத்தினது உனக்குக் கேட்டுச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஐம்பது பேர் கூச்சலில் யாருக்கு என்ன கேட்டது என்று எந்தக் கோர்ட்டும் கேட்கப்போவதில்லை. ஸ்னோவியும் இறந்து நாலு வருடம் ஆகிறது. மெர்வ் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கேட்டுச்சு," என்றான். "கத்தினா நிறுத்தக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

அவள் அல்பியின் கையிலிருந்து உருண்டையைப் பிடுங்கி, முழுக் கையையும் வீசி அடித்தாள். கன்ன எலும்பு உடைகிற சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. மெர்வ் பின்னால் அலமாரியில் சாய்ந்தான், தட்டுகள் சரிந்து உடைந்தன. இரண்டாம் முறையும் அடித்தாள், அதே இடத்தில். பிறகு வாயில். அவன் பல் ஒன்று பட்டாணிக்குள் விழுந்தது. பதினோரு பேருக்குச் செய்தவன் கையைக்கூட உயர்த்தவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. கை ஓய்ந்ததும் அவள் உருண்டையைத் தரையில் போட்டாள். போய் வாசல் கதவைத் திறந்தாள்.

"எறங்கு."

மெர்வ் நிமிர்ந்தான். ஒரு கண் அதற்குள் மூடிவிட்டது. கதவை நோக்கி இரண்டடி வைத்தான்.

"மெர்வ்," என்றான் அல்பி. "வெட்டிட்டுப் போ."

மெர்வ் திரும்பினான். ரோமாவைப் பார்த்தான். அவள் தெருப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அவன் மேசைக்கு வந்து, தாடையிலிருந்து சொட்டுவது தட்டில் விழாமல் தலையை ஒருக்களித்துக்கொண்டு, கறியை எலும்பிலிருந்து பிரித்தான். எப்போதும் போலச் சிறு சிறு துண்டாக, நாரை நீக்கி வெட்டினான். கடைசித் துண்டைத் தட்டில் நகர்த்திவிட்டு, கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு வெளியே போனான்.

அல்பி முள்கரண்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தான்.